காப்பி போடும்மா

அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனை ஊரே ‘உஷ்’ என்றுதான் கூப்பிட்டது. கரகரக்கிற எந்த மிஷினையும் வாயடைக்க வைப்பான், அதனால் அந்தப் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. எதிர்மாடியில் குடியிருந்த ஒரு தடியன் பொழுது விடிந்தால் ஸ்பீக்கரை அலறவிடுவான். இவன் படியேறிப் போய் ஒரே ஒரு தடவை “உஷ்” என்றான். தடியன் சிரித்தான். அவ்வளவுதான். ஸ்பீக்கரை ஒயரோடு பிடுங்கி அந்த ஆளின் காலிலேயே போட்டுவிட்டு, இறங்கி வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தான். தடியனுக்குக் கால்விரல் இரண்டு நொறுங்கிப்போயின. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

கோபம் வந்தால் அவனுக்குக் கண்மண் தெரியாது. எங்கிருந்து வந்த கோபம் என்று ஆராய வேண்டியதில்லை. அப்பா தகரப்பெட்டி செய்கிறவர். ஒரே அறை, பாதி பட்டறை, பாதி வீடு. காலையில் சுத்தியலை எடுத்தால் இருட்டும்வரை டமார் டமார்தான். தகரம் வளையாவிட்டால் தகரத்துக்கு அடி, வளைந்துவிட்டால் பிள்ளைக்கு அடி. எதுக்குப்பா அடிக்கிறே என்று கேட்டால், கேட்டதற்கு இன்னொன்று. அந்த அமர்க்களத்துக்கு நடுவில் பிள்ளை தானாகவே ஒன்றைக் கண்டுகொண்டான். தகரத்துக்கு அடியில் ஒரு கிழிந்த சாக்கைப் போட்டால் சத்தம் பாதியாகிவிடுகிறது. அதற்கும் அடிதான் விழுந்தது, சத்தம் இல்லாவிட்டால் வேலை நடப்பது வாடிக்கைக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று.

சாக்கில் கற்றதை அவன் பிறகு கம்ப்யூட்டரில் பிழைப்பாக்கிக்கொண்டான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புப் பொட்டலம் இருக்கும். எழுதியது, பேசியது, எல்லாம் அதற்குள்தான். உள்ளே ஒரு தட்டு சுழலும், அதன்மேல் ஒரு முள் அங்குமிங்கும் தாவும். டிஸ்க் பழசாகிவிட்டால் அந்தத் தாவலில் பெட்டி முழுவதும் கடகடவென்று ஆடும். மற்ற ரிப்பேர்காரர்கள் திருகாணியை இன்னும் நாலு முறுக்கு முறுக்குவார்கள். “முட்டாப் பசங்க” என்பான் உஷ். தகரத்தோடு எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு சத்தம். அவன் திருகாணியையே கழற்றிப் போட்டுவிடுவான். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக அறுத்து, சி.டி. போடுகிற அகலமான பொந்தில் குறுக்கும் நெடுக்குமாக மாட்டி, நடுவில் டிஸ்க்கைத் தொங்கவிடுவான். நாலு பக்கமும் காற்று, எங்கேயும் தகரம் படாது. பெட்டியின் காலுக்கு நாலு ரப்பர் துண்டு, பக்கத் தகட்டுக்குள் ஒரு ரப்பர் ஷீட். அப்புறம் காதை வைத்தால் மூச்சுக்கூடக் கேட்காது.

கல்யாணத்துக்குப் பிறகு கை கொஞ்சம் அடங்கியது. முதல் நாளே மனைவி சொல்லிவிட்டாள்: “என் மேல ஒரு அடி விழுந்துச்சு, அன்னிக்கே கிளம்பிடுவேன். வெளியில யாரையாவது அடிச்சுட்டு வந்தாலும் சோறு கிடையாது.” பதினாலு வருஷத்தில் ஐந்து தடவை பட்டினி கிடந்திருக்கிறான். அவளோடு கூடவே வந்து சேர்ந்தவன் அவளுடைய தம்பி. மூன்று வயதில் தாயைத் தின்றவன் என்று ஊர் பேசியபோது, பதினொரு வயதுப் பெண் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வளர்த்தாளாம். “ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு தள்ளிவிட்டுட்டாங்க” என்று உஷ் மச்சினனைச் சீண்டுவான். சீண்டுவானே தவிர, அவன்மேல் உயிர். மச்சினன் இப்போது இருபத்து நாலு வயது ஆள், மின்விசிறியும் பல்பும் அடுக்கிவைக்கிற ஒரு பெரிய கிடங்கில் சுமை ஏற்றி இறக்குகிற வேலை.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கிடங்கிலிருந்தே உஷ்ஷுக்கு அழைப்பு வந்தது. அங்கே ஆபீஸ் ஒரு பக்கம், கிடங்கு ஒரு பக்கம். இவன் யாருடைய மாமா என்று ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது, இவனும் சொல்லிக்கொள்ளவில்லை. மேனேஜர் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டே பேசினார்.

“இங்க திருட்டு, தகராறுன்னு யாரை விசாரிச்சாலும் மைக்ல பதிவு பண்ணி ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும்பா. முன்னாடி எவனோ கேஸ் போட்டான், அதுலேர்ந்து இந்தச் சட்டம். இப்ப என்னடான்னா, பதிவுல கரகரன்னு இரைச்சல்தான் கேக்குது, ஆள் பேசறது விழலைன்னு மெமோ அனுப்பியிருக்காங்க. அந்தச் சனியனை உடனே நிறுத்திக் குடு.”

கம்ப்யூட்டர் இருந்த அறையைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நீள அறை, நடுவில் ஆள் உயரத்துக்குப் பலகை மறைப்பு. இந்தப் பக்கம் டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜை, அந்தப் பக்கம் விசாரணை. மேஜையில் கம்ப்யூட்டர் பெட்டி, அதன் தலைமேலேயே மைக் உட்கார்ந்திருந்தது. பெட்டி ஆடினால் மைக்குக்கு வேறு என்ன கேட்கும்?

“மைக்கை ஒரு முழம் தள்ளி வச்சாலே பாதித் தொல்லை தீருமேம்மா.”

“அது அங்கதான் இருக்கணும்னு ஆர்டர்” என்றாள் டைப்பிஸ்ட், நிமிர்ந்து பார்க்காமல்.

அவன் ஒயர்களைப் பார்க்க மேஜைக்கு அடியில் புகுந்தான். அப்போது மறைப்புக்கு அந்தப் பக்கம் கனமான காலடி கேட்டது. கிடங்கின் செக்யூரிட்டி ஆபீசர். எந்நேரமும் பூட்ஸ் போட்டுக்கொண்டு திரிவதால் சுமைக்காரர்களிடையே அந்த ஆளுக்குப் பெயர் பூட்ஸ். “காப்பி போடும்மா!” என்று அங்கிருந்து குரல் வந்தது. அட, நல்ல இடமாக இருக்கிறதே என்று உஷ் சந்தோஷப்பட்டான். டைப்பிஸ்ட் எழுந்திருக்கவில்லை, கீபோர்டில் இரண்டு தட்டு தட்டினாள். உடனே டிஸ்க் பேய் பிடித்தாற்போல ஆடத் தொடங்கியது. நோயைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டான். அந்தப் பக்கம் தொம், தொம் என்று எதுவோ விழுந்தது. கிடங்குதானே, அட்டைப்பெட்டி இறக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

டிஸ்க் அடங்கியதும் தலையை நீட்டி, “காப்பி வரலையேம்மா?” என்று கேட்டான்.

டைப்பிஸ்ட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் அடியில் இருந்ததையே மறந்திருந்தாள் போல. “பால் திரிஞ்சு போச்சுங்க” என்றாள்.

இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. டிஸ்க் டியூபில் ஊஞ்சலாடியது. மேனேஜர் காதை வைத்துப் பார்த்துவிட்டு, மிஷின் ஓடுகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். வீட்டுக்கு வந்து, “உன் தம்பி கம்பெனியில ஒரு வாய் காப்பிக்குக்கூட வக்கில்ல” என்று உஷ் மனைவியிடம் அலுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் மச்சினனோடு வேலை செய்கிற இரண்டு பேர் அவனைத் தாங்கிக் கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். தாடை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. வலது கை விரல்கள் ஒவ்வொன்றும் இரண்டு விரல் தடிமன். சட்டையைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. விலாவில் பூட்ஸின் அடிப்பாகம் வரிவரியாகப் பதிந்திருந்தது. அக்காக்காரி கத்தவில்லை, அழவில்லை, ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஒரு பெட்டி பல்பு காணோமாம் மாமா. நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கச் சொன்னான்.” மச்சினனுக்கு வாய் திறக்க முடியவில்லை, பல்லிடுக்கில் பேசினான். “நான் எடுக்கலைன்னேன். ‘காப்பி போடும்மா’ன்னான். அடி விழுந்துச்சு. திரும்பக் கேட்டான். எடுக்கலைன்னேன். ‘காப்பி போடும்மா’. திரும்ப அடி. அஞ்சு காப்பி மாமா. அஞ்சாவதுல கையெழுத்துப் போட்டுட்டேன். நாளன்னிக்குப் போலீஸ்ல குடுக்கப் போறாங்களாம்.”

உஷ்ஷுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காப்பி! அடப்பாவி, பாலும் இல்லை, டம்ளரும் இல்லை. ஒரு பெரிய ஃபைலைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுக்கச் சொல்கிறான். காப்பி ஓடினால் டிஸ்க் கதறும், டிஸ்க் கதறினால் மைக்கில் வேறெதுவும் விழாது. சத்தம் அடங்கியதும் மறுபடி மரியாதையாகக் கேள்வி கேட்பான். ஹெட் ஆபீசுக்கு இரைச்சலும் கேள்வியும் மட்டும்தான் போகும். திங்கட்கிழமை இவன் காதில் விழுந்த தொம் தொம் எந்தப் பெட்டி? அது எவனுடைய முதுகு? கூலி வாங்கிக்கொண்டு அதற்குப் பக்கத்திலேயே அல்லவா உட்கார்ந்திருந்தான்! கொல்லைப்புறம் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான்.

தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றபோதுதான் அது உறைத்தது. அந்த டிஸ்க்குக்கு இப்போது சத்தமே கிடையாது. பூட்ஸ் காப்பி போடச் சொன்னான், டைப்பிஸ்ட்டும் போட்டாள், ஆனால் பெட்டி மூச்சுவிடவில்லை. அப்படியென்றால் ஐந்து தடவை விழுந்த அடியும் அதில் அப்படியே இருக்கிறது.

உள்ளே ஓடி மனைவியிடம் சொன்னான். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: “அது கைக்கு வந்தா என் தம்பி ஜெயிலுக்குப் போகாம தப்பிச்சுடுவானா?”

“தப்பிச்சுடுவான். அடிச்சு வாங்கின கையெழுத்து செல்லாது. அதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி.”

எப்படி உள்ளே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு, வெள்ளிக்கிழமை காலையில் பூட்ஸே போன் செய்தான். “டேய், என் மிஷினை என்னடா பண்ணி வச்சே? பழையபடி சத்தம் வரணும். ஒரு மணி நேரத்துல இங்க இருக்கணும், இல்லேன்னா கையைக் காலை உடைச்சுடுவேன்.” இவன் யார் என்று அப்போதும் அந்த ஆளுக்குத் தெரியவில்லை. உஷ் பல்லைக் கடித்துக்கொண்டு, “வந்துடறேன் சார்” என்றான்.

திட்டம் சுலபம். பையில் அதே அளவில் ஒரு பழைய டிஸ்க்கைப் போட்டுக்கொண்டான். திருகாணி முறுக்குகிறேன் என்று பெட்டியைத் திறந்து, இதை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டிவிட வேண்டும். பத்து நிமிஷ வேலை. வாசலில் மனைவி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கோங்க. கையை மட்டும் நீட்டாதீங்க. இன்னிக்கு ஒரு நாள்.”

“சத்தியமா.”

ஆபீசில் டைப்பிஸ்ட்டின் இடது கன்னம் வீங்கி, நாலு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. நேற்றைய பதிவைப் போட்டுக் கேட்ட பிறகு பூட்ஸ் கொடுத்த பரிசு. உஷ் குனிந்து பெட்டியின் மூடியைக் கழற்றும்போது அவள் உதடு அசையாமல் பேசினாள். “அழிச்சுட்டேன்னு சொல்லியிருக்கேன். அழிக்கலை. வியாழக்கிழமைன்னு பேர் போட்டு உள்ளதான் இருக்கு. நானும் மனுஷிதானே அண்ணே.” அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

பூட்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தான். நகர்வதாகத் தெரியவில்லை. “நீ அணைக்கறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு. சத்தம் வரும்னு எப்படி நம்பறது? காப்பி போடும்மா!”

அவள் போட்டாள். உஷ் டியூப் வளையங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கை மெதுவாக வெளியே எடுத்தான். ஒயர் கொஞ்சம் நீளமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. ஓடுகிற டிஸ்க்கைக் கையில் எடுப்பது பச்சைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி. ஒரு தட்டு தட்டினாலும் முள் போய்த் தட்டில் உரசிவிடும், உரசினால் எழுதியதெல்லாம் சுரண்டிப்போய்விடும், அதன்பிறகு ஆண்டவனே வந்தாலும் படிக்க முடியாது. இது அவனுக்குத் தெரியாததா? மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பெட்டியின் தகரத்தில் மெல்ல ஒட்டவைத்தான். கடகடகட என்று மேஜையே அதிர்ந்தது.

“ஆங்! இதுதான்டா வேணும்” என்று பூட்ஸ் தொடையைத் தட்டிச் சிரித்தான். மனசு இளகிவிட்டது போல, பேச்சு பெருகியது. “உன்னால நேத்து எனக்கு மானமே போயிருக்கும். ஒரு பொடியன் மாட்டினான். பொதுவா எல்லாரும் அடி விழுந்தா அம்மான்னு கத்துவானுங்க. இவன் அக்காங்கறான்யா!”

உஷ் அசையவில்லை. இன்னும் பத்து நிமிஷம். அணைக்க வேண்டும், மாற்ற வேண்டும், போக வேண்டும்.

“மூணாவது அடிக்கே, அக்கா வந்துடு அக்கா, கூட்டிட்டுப் போயிடு அக்கான்னு...” பூட்ஸ் கழுத்தை ஒடித்து, கண்ணைச் செருகி, குழந்தைக் குரலில் அழுது காட்டினான். “அக்கா... அக்கா...” அசல் மச்சினன் குரல் அது. அத்தனை நன்றாகச் செய்தான், படுபாவி. செய்துவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தான். “அந்த அக்கா எப்படியிருப்பாளோ, வரச் சொல்லியிருக்கலாம்!”

அவ்வளவுதான் உஷ்ஷுக்கு நினைவிருக்கிறது. ஒயர் அறுந்த சத்தம்கூடக் காதில் விழவில்லை. கையில் இருந்ததை அப்படியே அந்தச் சிரிக்கிற வாயில் இறக்கினான். பல் உடைந்தது கைக்குத் தெரிந்தது. நாற்காலியோடு மல்லாந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து இன்னொரு முறை இறக்கினான், மூக்கில். ரத்தம் பலகை மறைப்பில் தெறித்தது. “கூப்பிடுடா உன் அக்காவை! கூப்பிடு!” என்று கத்திக்கொண்டே மூன்றாவது தடவை ஓங்கியபோது கேட்டிலிருந்து வந்த இரண்டு காவல்காரர்கள் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார்கள். கையில் இருந்தது நழுவி அலமாரிக்கு அடியில் போனது. அப்புறம் அவன் முறை. தடியால் முழங்காலில், காலால் வயிற்றில், கீழே சுருண்டு விழுந்த பிறகு முதுகில். எத்தனை என்று எண்ணுகிற நிலையில் அவன் இல்லை.

மேனேஜர்தான் ஓடிவந்து நிறுத்தினார். இரக்கத்தால் இல்லை. “போலீஸ் கீலீஸ்னு போனா ஹெட் ஆபீஸ்ல ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. முதல்ல இவனை வெளியில தள்ளுங்கய்யா!” தரதரவென்று வாசலுக்கு இழுத்துப் போனார்கள். பின்னாலேயே டைப்பிஸ்ட் அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “உன் சாமானையும் எடுத்துட்டுத் தொலை!” என்று மடியில் எறிந்தாள். பை கனத்தது. தடவிப் பார்த்தான், உள்ளே இரண்டு டிஸ்க் இருந்தது. ஒன்று பிசுபிசுத்தது.

வீட்டுக்கு எப்படி வந்தான் என்று கேட்காதீர்கள். வெயில் தாழ்வதற்குள் வந்து சேர்ந்தான். கதவைத் திறந்த மனைவி அவனைப் பார்த்ததும் வாயில் கைவைத்தாள். உள்ளே கட்டிலிலிருந்து மச்சினன், “மாமாவா? கிடைச்சுதா மாமா?” என்றான்.

“கிடைச்சுது” என்றான் உஷ்.

“அடிச்சீங்களா அவனை?” என்று கேட்டாள் அவள்.

“முன்பல்லு மூணு. மூக்கும் போச்சு.”

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அதற்குச் சோற்றை நிறுத்துவேன் என்று சொல்லவில்லை. அவன் உதட்டு ரத்தத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, “நல்லா வேணும் அந்த நாய்க்கு” என்றாள். தம்பி கட்டிலில் சிரிக்கப் பார்த்து, தாடை வலித்து முனகினான். மூவருக்கும் ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது.

டிஸ்க்கைத் துணியால் துடைத்துத் தன்னுடைய மேஜைக் கம்ப்யூட்டரில் மாட்டி, சுவிட்சைப் போட்டான். தட்டு சுற்றத் தொடங்கியது. பிறகு, டிக். ஒரு நொடி கழித்து, டிக். மறுபடி, டிக். அணைத்துவிட்டுத் திருப்பிப் போட்டான். டிக். ஒயரை மாற்றினான். டிக். கம்ப்யூட்டர் திரையில் அந்த டிஸ்க் தெரியவே இல்லை.

“சத்தம் வருதே” என்றாள் மனைவி, அவன் தோள் வழியாக எட்டிப் பார்த்து. “வேலை செய்யுது, இல்ல?”

“இல்லம்மா. முள்ளு முறிஞ்சு அடிச்சுக்குது. தட்டெல்லாம் சுரண்டியிருக்கும். ஒண்ணும் மிஞ்சியிருக்காது.”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? வழியில எங்கேயாவது கீழ போட்டுட்டீங்களா?”

உஷ் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. தன்னுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலிடுக்கில் இன்னும் ரத்தம் காயாமல் இருந்தது.

“அவனை எதால அடிச்சேன்னு நெனைக்கறே?” என்றான்.

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. மச்சினனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் வலிக்கிற விலாவைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.